அறைந்தவரை மேதையாக்காதீர்கள்

கலையுலகைக் களமாக வைத்து நாவலும் திரைக்கதையும் தொடரும் எழுதுகிறவர்களுக்கும், எந்தக் கதை படமாகும், எந்த முடிவு மாற்றப்படும் என்று தீர்மானிக்கும் கதைப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும்,

திரைத்துறையைப் பற்றிய ஓர் இணையத் தொடரின் எழுத்துக் குழுவிலிருந்து நான் விலகியிருக்கிறேன். காரணத்தை எழுத்தில் கொடுத்தேன். ஒரு வரி பதிலும் வரவில்லை. அதனால் அதே காரணத்தை இப்போது உங்கள் எல்லோரிடமும் சொல்கிறேன். அந்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே எடுக்கப்பட்ட முடிவு வேறு பல அறைகளிலும் எடுக்கப்படுகிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

நான் உதவி இயக்குநராக வேலை செய்த காலத்தில் கண்ணால் பார்த்த ஒன்றைக் கதை விவாதத்தின்போது சொன்னேன். கூட்டத்தில் நிற்கும் துணை நடிகையாக வந்துகொண்டிருந்த ஓர் இளம்பெண்ணுக்கு முதல்முறையாக இரண்டு வரி வசனம் கிடைத்தது. அழ வேண்டிய காட்சி. சில டேக்குகள் போயும் கண்ணீர் வரவில்லை. இயக்குநர் மானிட்டரை விட்டு எழுந்து வந்தார். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்ணின் கன்னத்தில் அறைந்தார். அவள் அழுதாள். ஷாட் ஓகே ஆனது. யூனிட்டில் சிலர் கைதட்டினார்கள். மறுநாள் அவள் வரவில்லை. பாக்கிச் சம்பளத்தை வாங்கக்கூட வரவில்லை. படம் வெளியானபோது அந்தக் காட்சியே அதில் இல்லை. நீளம் கருதி வெட்டியிருந்தார்கள்.

இதை நான் சொன்னபோது அறை அமைதியானது. எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நல்லபடியாக எழுதப்படும் என்று நம்பினேன்.

திருத்திய திரைக்கதை கைக்கு வந்தபோது இயக்குநர் கன்னத்தில் அறைவது அப்படியே இருந்தது. கைதட்டலும் இருந்தது. ஆனால் அந்தப் பெண் இயக்குநரிடம் ஓடிச் சென்று நன்றி சொல்கிறாள். பிற்பாடு விருது மேடையில் நின்று, அந்த ஓர் அறைதான் தன்னை நடிகையாக்கியது என்கிறாள். அதன் பிறகு அவளுக்கு ஆசை பெருகுகிறது. தோழியின் வாய்ப்பைப் பறிக்கிறாள், தன்னை வளர்த்துவிட்ட மூத்த நடிகையை வீட்டுக்கு அனுப்புகிறாள், கடைசி அத்தியாயத்தில் தூக்க மாத்திரைகளை விழுங்கிச் சாகிறாள். அந்த இயக்குநருக்கோ நரைத்த தாடியும் வாழ்நாள் சாதனையாளர் விருதும் ஒரு கண்கலங்கும் உரையும் கிடைக்கின்றன.

நான் ஆட்சேபித்தேன். இத்தனையும் செய்துவிட்டு அவள் நன்றாக இருந்தால் பார்ப்பவர்கள் ஏற்க மாட்டார்கள் என்றார்கள். அப்படியானால் இயக்குநர் மட்டும் எப்படி நன்றாக இருக்கலாம் என்று கேட்டேன். அவர் கலைஞர், அவரை அந்தக் கணக்கில் பார்க்கக் கூடாது என்றார்கள். ஒருவருக்கு நேர்ந்த அவமானத்தை வாங்கி, அதை அவமதித்தவருக்கே புகழாரமாகச் சூட்டிய அந்தத் திரைக்கதையில் என் பெயர் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இரக்கமற்ற ஆசைக்காரர்கள் இந்தத் துறையில் இல்லை என்று சொல்ல நான் இந்த மடலை எழுதவில்லை. நிறையப் பார்த்திருக்கிறேன். தான் தொலைத்த காட்சிக் குறிப்பை, பக்கத்தில் நின்ற புதிய பையன்மேல் போட்டு அவனை வெளியேற்றிய இணை இயக்குநரோடு வேலை செய்திருக்கிறேன். நண்பன் சொன்ன கதையின் ஒரு வரியை வைத்துத் தயாரிப்பாளரிடம் முன்பணம் வாங்கியவரைத் தெரியும். அவர்களைப் பற்றி எழுதுங்கள், தயங்காமல் எழுதுங்கள். ஆனால் அந்த இணை இயக்குநரால் அதைச் செய்ய முடிந்தது ஏன்? அந்தப் பையனுக்கு ஒப்பந்தம் என்று ஒரு தாளும் கிடையாது. மூன்று மாதச் சம்பளம் பாக்கி. போய்ப் புகார் சொல்ல ஓர் ஆள் இல்லை. ஒருவன் கெட்டவனாக இருப்பது ஒரு செய்தி. கெட்டவனாக இருப்பவனுக்கு அடுத்த படத்தில் பதவி உயர்வு தரும் ஏற்பாடு அதைவிடப் பெரிய செய்தி. உங்கள் கதைகளில் முதலாவது மட்டும் வருகிறது.

கீழேயிருந்து மேலே வரத் துடிப்பவரிடம், அதிலும் பெண்ணிடம், இரக்கமின்மை முழுவதையும் கொண்டுபோய் வைத்துவிடுகிறீர்கள். மேலே ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவரின் இரக்கமின்மை கலைக்கான தவமாகிவிடுகிறது. என் குற்றச்சாட்டு இதுதான்.

இந்த வார்ப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதன் மூதாதை ஒரு மிகச் சிறந்த படம். 1950இல் ஹாலிவுட்டில் வெளிவந்த 'ஆல் அபவுட் ஈவ்'. பதினான்கு ஆஸ்கர் பரிந்துரைகள், சிறந்த படம் உட்பட ஆறு விருதுகள். புகழ்பெற்ற நாடக நடிகையின் உதவியாளாக அடக்கமாக நுழைந்து, அவருடைய இடத்தையே பிடிக்கும் இளம்பெண் ஈவ். படத்துக்கு அடிப்படையான சிறுகதையை மேரி ஓர் 1946இல் எழுதினார். அந்தச் சிறுகதையில் ஈவ் எந்தத் தண்டனையும் இல்லாமல் வென்று போய்விடுகிறாள். படத்தில் அப்படி விடவில்லை. அவளுடைய பொய்களைக் கண்டுபிடித்த நாடக விமர்சகர் அவளைத் தன் உடைமையாக்கிக்கொள்கிறார். அறைக்குள் அவளைப் போலவே இன்னொரு பெண்ணும் நுழைந்துவிடுகிறாள். படத்தின் நுட்பத்தில் எனக்குக் குறையில்லை. அந்த விமர்சகரின் கொடூரத்தை அது மறைக்கவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த எழுபத்தைந்து ஆண்டு நகல்கள் அவரை மறந்துவிட்டன. ஈவை மட்டும் எடுத்துக்கொண்டன. அவள் விழ வேண்டும் என்ற விதியை எடுத்துக்கொண்டன.

அதே ஹாலிவுட்டில், அந்தப் படத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு நிஜத்தில் நடந்ததைப் பாருங்கள். ஒலிவியா டி ஹாவிலண்ட் என்ற நடிகைக்கும் அவருடைய ஸ்டுடியோவுக்கும் ஏழாண்டு ஒப்பந்தம். தனக்குப் பிடிக்காத வேடத்தை மறுத்தால் ஸ்டுடியோ அவரை இடைநீக்கம் செய்யும். அப்படி இடைநீக்கத்தில் கழிந்த நாட்களை ஒப்பந்தக் காலத்தின் கடைசியில் சேர்த்துக்கொள்ளும். அதாவது, மறுத்துக்கொண்டே இருக்கும் கலைஞருக்கு ஏழாண்டு என்பது முடியவே முடியாது. 1943இல் ஏழாண்டும் முடிந்தது, இன்னும் ஆறு மாதம் பாக்கி என்றது ஸ்டுடியோ. அவர் வழக்குத் தொடுத்தார். ஸ்டுடியோ மற்ற நிறுவனங்களுக்கெல்லாம் கடிதம் எழுதி அவருக்கு வேலை கிடைக்காமல் பார்த்துக்கொண்டது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவரால் நடிக்க முடியவில்லை. 1944 டிசம்பரில் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஏழாண்டு என்றால் நாட்காட்டியில் ஏழாண்டு, அவ்வளவுதான் என்றது. இன்றும் அந்தச் சட்டம் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. விடுதலையான பிறகு அவர் இரண்டு ஆஸ்கர் விருதுகளையும் வென்றார்.

எத்தனை பெரிய ஆசை அந்தப் பெண்ணுக்கு! நல்ல வேடம் வேண்டும் என்ற ஆசை. அதற்காக இருந்த வாழ்க்கையையே பணயம் வைத்தார். அவர் யாருடைய காலையும் வாரவில்லை. பின்னால் வந்த அத்தனை நடிகர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார். ஈவின் வாரிசுகளை உங்கள் கதைகளில் வரிசையாகப் பார்க்கிறேன். டி ஹாவிலண்டின் வாரிசு எங்கே? ஆசை உள்ள பெண் ஒப்பந்தத்தைப் படிக்கிறாள், கேள்வி கேட்கிறாள், சங்கத்துக்குப் போகிறாள், வழக்குத் தொடுக்கிறாள், வெல்கிறாள் என்ற கதையை ஏன் ஒருவரும் கேட்பதில்லை? நான் ஒருமுறை எழுதிக் கொண்டுபோனேன். ஆவணப்படம் போல இருக்கிறது என்றார்கள்.

நடிகையின் ஆசையைப் பற்றி இவ்வளவு எழுதும் நீங்கள், நடிகையின் வாழ்க்கையை முடித்துவைக்கும் நிஜமான கருவியைப் பற்றி ஒரு காட்சியாவது எழுதியிருக்கிறீர்களா? விஷமும் வேண்டாம், சதியும் வேண்டாம். ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். 'அந்தப் பெண் ஒத்துழைக்க மாட்டாள்.' இவ்வளவுதான் வாசகம். என் காதுபட எத்தனையோ முறை சொல்லப்பட்டிருக்கிறது. யாரும் காரணம் கேட்பதில்லை. அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் மீதான பாலியல் குற்றச்சாட்டுகள் 2017 அக்டோபரில் வெளிவந்த பிறகு, அதே ஆண்டு டிசம்பரில் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் ஒரு நேர்காணலில் சொன்னதை நினைத்துப் பாருங்கள். 1990களின் இறுதியில் ஆஷ்லி ஜட், மீரா சொர்வினோ என்ற இரண்டு நடிகைகளோடு வேலை செய்வது பெரும் தொல்லை என்று வைன்ஸ்டீனின் நிறுவனம் தன்னை எச்சரித்ததாகவும், அதனால் அவர்களைப் பரிசீலனையிலிருந்தே எடுத்துவிட்டதாகவும் அவர் சொன்னார். வைன்ஸ்டீன் தரப்பு அதை மறுத்தது. அந்த இருவருமே வைன்ஸ்டீன் மீது பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டு வைத்தவர்கள். தங்களுக்கு ஏன் வேலை குறைந்தது என்பதை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்துச் செய்தியில் படித்துத் தெரிந்துகொண்டார்கள்.

மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராயக் கேரள அரசு அமைத்த ஹேமா குழுவின் அறிக்கையைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 2019 டிசம்பரில் கொடுக்கப்பட்ட அறிக்கை 2024 ஆகஸ்டில்தான், அதுவும் பல பகுதிகள் நீக்கப்பட்டு, வெளியானது. வாய் திறப்பவர்களுக்கு வாய்ப்பு மறுக்கப்படுவது அதில் பதிவாகியிருக்கிறது. படப்பிடிப்பு இடங்களில் பெண்களுக்குக் கழிப்பறையும் உடை மாற்றும் இடமும் இல்லாததும் பதிவாகியிருக்கிறது. கழிப்பறை இல்லாததால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதை நானும் அறிவேன். அதைவிட இரக்கமற்ற ஒன்றை எந்த வில்லியை வைத்து நீங்கள் எழுதப்போகிறீர்கள்?

மேதையின் கொடூரம் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் செய்யும் தீங்கு இங்கேதான் அதிகம்.

2014இல் வெளிவந்த 'விப்லாஷ்' படம் மூன்று ஆஸ்கர் விருதுகளை வென்றது. மாணவனை அறைந்தும், நாற்காலியை வீசியும், குடும்பத்தைப் பழித்தும் டிரம்ஸ் கற்றுக்கொடுக்கும் ஓர் ஆசிரியர். அவர் தன் செயலுக்கு ஆதாரமாக ஒரு கதை சொல்வார். ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கர் இளைஞராக இருந்தபோது தடுமாறி வாசித்ததும், டிரம்ஸ் கலைஞர் ஜோ ஜோன்ஸ் அவர் தலைக்குக் குறிவைத்து, டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலை வீசினார், அதனால்தான் பார்க்கர் மேதையானார் என்பார். நடந்தது வேறு. 1930களில் நடந்த அந்த நிகழ்ச்சியில் ஜோன்ஸ் சிம்பலைப் பார்க்கரின் காலடியில் தரையில் போட்டார். இசை நிற்பதற்கான அடையாளம், கேலி. பார்க்கர் அவமானப்பட்டார் என்பது உண்மை. பிறகு மாதக்கணக்கில் தனியே உட்கார்ந்து பயிற்சி செய்தார் என்பதும் உண்மை. தலையைக் குறிவைத்த வீச்சு கதையில் சேர்ந்த கொடூரம். படத்தின் ஆசிரியர் பாத்திரம் அதைப் பொய்யாகச் சொல்கிறது என்று வாதிடலாம், ஏற்கிறேன். அந்த மாணவனின் பிற்காலம் பாழாகத்தான் முடியும் என்ற பொருளில் இயக்குநர் டேமியன் சசெல்லே நேர்காணலில் பேசியும் இருக்கிறார். ஆனால் நேர்காணல் யாருக்குத் தெரியும்? திரையில் கடைசியாக எஞ்சுவது ஆசிரியரின் புன்னகையும் மாணவனின் அபாரமான வாசிப்பும்.

அது எஞ்சியதை நான் வேலை செய்த இடத்தில் பார்த்தேன். முதல் படம் எடுக்கும் ஓர் இளம் இயக்குநர், ஃபோகஸ் தவறியதற்காகக் கேமரா உதவியாளரை நூறு பேர் முன்னால் தாயைப் பழித்துத் திட்டினார். அந்த உதவியாளர் முந்தைய இரவு வேலை முடித்துத் தூங்கியது மிகச் சில மணி நேரம்தான். பேக்கப் ஆன பிறகு நான் இயக்குநரிடம் தனியாகப் பேசினேன். அவர் வெட்கப்படவில்லை. அந்தப் படத்தின் பெயரைச் சொன்னார். நெருக்கினால்தான் சிறந்தது வெளிவரும் என்றார். இயல்பில் கெட்ட மனிதர் இல்லை அவர். தான் மேதையாக வேண்டும் என்று விரும்பினார், மேதை எப்படி நடந்துகொள்வார் என்பதை உங்களிடமிருந்து கற்றிருந்தார்.

இதற்கு இன்னும் பழைய சாட்சி இருக்கிறது. பட் ஷுல்பெர்க் 1941இல் 'வாட் மேக்ஸ் சாமி ரன்?' என்ற நாவலை எழுதினார். பத்திரிகை அலுவலகத்தில் எடுபிடியாகத் தொடங்கி, திருட்டும் துரோகமுமாக ஓடி, ஸ்டுடியோவின் தலைமைக்கு வரும் சாமி கிளிக்கின் கதை. எழுத்தாளர்கள் சங்கம் அமைக்கப் போராடியதும் அதை உடைக்க ஸ்டுடியோக்கள் செய்ததும் அந்த நாவலில் பெரும் பகுதி. ஷுல்பெர்க் அதை எச்சரிக்கையாகத்தான் எழுதினார். பல பத்தாண்டுகள் கழித்து, இளைஞர்கள் தன்னிடம் வந்து சாமியைத் தங்கள் முன்மாதிரி என்று பாராட்டியதைக் கண்டு அதிர்ந்துபோனதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆவேசமான ஓட்டத்தைப் படித்தவர்கள் சங்கப் பகுதிகளைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவ்வளவு கவனமாக, அவ்வளவு கோபத்தோடு எழுதப்பட்ட ஒன்றுக்கே இந்தக் கதி என்றால், கவனமில்லாமல் எழுதப்படுவது என்ன செய்யும்?

இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' (1963) படப்பிடிப்பில், இயந்திரப் பறவைகள்தான் பயன்படுத்தப்படும் என்று சொல்லியிருந்து, நாயகி டிப்பி ஹெட்ரன் மீது நாட்கணக்கில் நிஜப் பறவைகளை எறிந்தார்கள். கண்ணருகே காயம்பட்டது. மருத்துவர் தலையிட்டுக் கட்டாய ஓய்வு கொடுக்க வேண்டியிருந்தது. திரைப்பட வகுப்புகளிலும் பேட்டிகளிலும் இந்தச் செய்தி எப்படிச் சொல்லப்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு காட்சிக்காக ஹிட்ச்காக் எவ்வளவு தூரம் போனார் என்ற வியப்போடு சொல்வார்கள். போனவர் அவர், அடிபட்டவர் வேறொருவர்.

கதை நீதிபோதனை செய்யக் கூடாது என்று நீங்கள் பதில் சொல்வீர்கள். அதே அறையில் எனக்கும் சொல்லப்பட்டது. நீதியை நான் கேட்கவில்லை. ஆசை கொண்ட பெண்ணை மாத்திரை கொடுத்துக் கொல்வதுதான் நீதிபோதனை. அதை விடுங்கள் என்கிறேன். நல்லவர்கள் வெல்ல வேண்டும் என்று கேட்கவில்லை. கொடுமையைக் காட்டாதீர்கள் என்றும் கேட்கவில்லை. கொடுமைக்கு விலை கொடுத்தவர் யார் என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள் என்கிறேன். பாதி உண்மை கலை ஆகாது.

இது தமிழில் எப்போதோ செய்யப்பட்டுவிட்டது. ஜெமினி ஸ்டுடியோவில் வேலை செய்த அசோகமித்திரன் 'கரைந்த நிழல்கள்' நாவலில் ஒரு படத்தயாரிப்பைச் சுற்றியிருக்கும் மனிதர்களைப் பற்றி எழுதினார். பேராசைக்காரி இல்லை, மேதையும் இல்லை. தயாரிப்பு நிர்வாகி, உதவி இயக்குநர், வாகனத்துக்கு அலைகிறவர், பணத்துக்குக் காத்திருக்கிறவர் என்று எல்லோரும் இருக்கிறார்கள். பணம் நின்றுபோகும்போது அந்தச் சுமை எப்படி ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி, கடைசியில் தாங்க முடியாதவர் தலையில் உட்காருகிறது என்பது ஒரு வார்த்தை உரத்துச் சொல்லாமலே தெரிந்துவிடும். திரைத்துறையின் இரக்கமின்மையைப் பற்றி எனக்குத் தெரிந்த மிகத் துல்லியமான எழுத்து அதுதான். கதை விவாதங்களில் அதைக் குறிப்பிட்டால் பலருக்கு அந்த நாவலே தெரிவதில்லை.

நீங்கள் எழுதாமல் விடும் மரணங்களையும் சொல்லிவிடுகிறேன். 1997இல் ப்ரென்ட் ஹெர்ஷ்மன் என்ற கேமரா உதவியாளர் பத்தொன்பது மணி நேர வேலைக்குப் பிறகு வீட்டுக்குக் கார் ஓட்டிச் சென்றபோது தூங்கிப்போய் விபத்தில் இறந்தார். 2014 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ரயில் நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் ரயில் பாலத்தின் மேல் படமெடுத்தார்கள். ரயில் வந்தது. சாரா ஜோன்ஸ் என்ற 27 வயது கேமரா உதவியாளர் இறந்தார். இயக்குநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். எப்படியாவது அந்த ஷாட்டை எடுத்துவிட வேண்டும் என்ற ஆசைக்கு இரையானவர்கள் இவர்கள். இந்த ஆசையை நான் அடையாளம் காண்கிறேன். அனுமதி பிறகு வாங்கிக்கொள்ளலாம், வெளிச்சம் போகிறது, ஏறு என்று சொல்லும் குரலை நான் நேரில் கேட்டிருக்கிறேன். ஏறுகிறவர் மறுத்தால் நாளைக்கு வேறொருவர் வருவார் என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரியும். உங்கள் நாயகன் அந்தக் குரலில் பேசும்போது பின்னணி இசை எழும்புகிறது.

2023இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கள் உழைப்பை மற்றவர்கள் எப்படிச் சுரண்டுகிறார்கள் என்பதை எழுத்தாளர்களைப் போலத் தெளிவாக விளக்கியவர்கள் இல்லை. அந்தத் தெளிவு உங்கள் பாத்திரங்களுக்கும் கிடைக்கட்டும்.

இனி நான் கேட்பவை.

கலையுலகில் ஆசை கொண்ட பெண் பாத்திரத்தைத் தற்கொலையிலோ பைத்தியத்திலோ போதையிலோ முடிக்கும் திரைக்கதை உங்கள் மேசைக்கு வந்தால், இது ஏன் என்று எழுத்தாளரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். அதே கதையில் அவளைவிடப் பெரிய தவறு செய்த ஆணுக்கு என்ன ஆகிறது என்பதையும் அந்த விளக்கத்தில் கேளுங்கள். தற்கொலையைக் காட்டித்தான் தீர வேண்டும் என்றால் மனநல மருத்துவரின் ஆலோசனையோடு காட்டுங்கள்.

கொடுமை செய்யும் கலைஞரைக் காட்டும்போது, அவரிடம் அடி வாங்கியவருக்கு மறுநாள் ஒரு காட்சி எழுதுங்கள். அடி வாங்கி உயர்ந்தவரை மட்டும் வேண்டாம், விட்டுப் போனவரையும் எழுதுங்கள். பெரும்பாலோர் விட்டுத்தான் போகிறார்கள்.

ஒப்பந்தம், சம்பள பாக்கி, வேலை நேரம், திரையில் பெயர் போடுவது ஆகியவற்றைக் கதைக்குள் கொண்டுவாருங்கள். இவை சுவையற்றவை என்று நினைக்காதீர்கள். ஒருவருடைய பெயர் டைட்டிலில் வருமா வராதா என்ற கேள்வியில் இருக்கும் பதைபதைப்பு எந்தக் கொலைக் கதையிலும் இல்லை. வெளியீட்டுக்கு முந்தைய இரவு வரை விழித்திருந்து பார்த்தவள் சொல்கிறேன்.

எங்களைப் போன்றவர்களிடம் அனுபவம் கேட்டுக் கதை எழுதினால் அதற்கு ஊதியம் கொடுங்கள், நன்றி அட்டையில் பெயர் போடுங்கள், திருத்திய வடிவத்தைக் காட்டுங்கள். சொன்னதன் பொருளைத் தலைகீழாக்கினால் அதைத் திரும்பப் பெறும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுங்கள். சம்பவம் வேறொருவருடையது என்றால் அவரைத் தேடிக் கேளுங்கள். கண்டுபிடிக்க முடியாவிட்டால், அவரை அடையாளம் காட்டும் எதையும் வைக்காதீர்கள், அவர் சொல்லாத நன்றியை அவர் வாயில் திணிக்காதீர்கள்.

திரைத்துறையின் கொடுமையைப் பற்றிப் படமெடுக்கும் உங்கள் படப்பிடிப்பில் முதலில் கழிப்பறை இருக்கட்டும், புகார்க் குழு இருக்கட்டும், அதன் உறுப்பினர்களின் தொலைபேசி எண்கள் அன்றாட வேலைத் திட்டத் தாளான கால்ஷீட்டோடு எல்லோருக்கும் போகட்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதீர்கள். இரவு நேரம் கழித்து முடிந்தால், வேலை செய்தவர்களைத் தூக்கக் கலக்கத்தில் தாங்களே வண்டி ஓட்டிப் போக விடாதீர்கள்.

நான் விலகிவந்த அந்தத் தொடரை எடுக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. படப்பிடிப்பு இன்னும் தொடங்கவில்லை என்று அறிகிறேன். மூன்றாம் அத்தியாயத்தில் வரும், கன்னத்தில் அறையும் அந்தக் காட்சியை நீக்கிவிடுங்கள். நீக்க மனமில்லை என்றால் நடந்தபடி எழுதுங்கள். அவள் நன்றி சொல்லவில்லை, மறுநாள் வரவில்லை, சம்பளம் வாங்கவில்லை. விருது மேடை உரையை முழுவதுமாக நீக்குங்கள். இவற்றில் எதைச் செய்யப்போகிறீர்கள் என்பதைப் படப்பிடிப்புத் தொடங்கும் முன் எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். என் விலகல் கடிதத்தில் முகவரி இருக்கிறது.

இப்படிக்கு,
பல படங்களில் உதவி இயக்குநராகப் பணியாற்றிய ஒரு திரைக்கதை எழுத்தாளர்